"ம்" கொட்டினால் காது கொடுக்கவில்லை என்று அர்த்தமா?

வைப்பாறு:
நேற்று எங்கள் குடியிருப்புக்கு வந்த ஒரு பேச்சாளர், கேட்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். "பணிவோடு கேட்பவன் 'ம்' கூடக் கொட்ட மாட்டான், 'ம்' என்றால் சீக்கிரம் முடி என்று அர்த்தம்" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பத்தா கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்டாவிட்டால் நிறுத்திவிட்டு, "தூங்கிட்டீகளா?" என்று கேட்டு வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்துவிடுவாள். கரண்ட் இல்லாத வீடு. இருட்டில் அந்த உம் ஒன்றுதான் நாங்கள் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்லும்.

சும்மா_இரு:
பேச்சாளர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு வேலை போனதை மாமனாரிடம் சொன்னேன். தினசரியைப் புரட்டிக்கொண்டே "ம்... ம்..." என்றார். மறுநாள் காலையில் "ஆபீஸ் கிளம்பலையா மாப்பிள்ளை?" என்றார். அந்த ம்-மை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வைப்பாறு:
தப்பு தினசரியின் மேல். ம்-மின் மேல் இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
குறள் 419. "நுணங்கிய கேள்வியர் அல்லார் வணங்கிய வாயினர் ஆதல் அரிது." வாய் அடங்கியிருக்க வேண்டும் என்று வள்ளுவரே சொன்ன பிறகு என்ன விவாதம்?

வைப்பாறு:
ஐயா, வணங்கிய வாய் என்றால் மூடிய வாயா? பரிமேலழகரும் பணிந்த மொழி என்றுதான் பொருள் கொள்கிறார். மொழி இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. ம்-முக்குத் தடை எங்கே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தியவனுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நல்லது.

யோகோஹாமாவாசி:
இங்கே ஜப்பானில் எதிராளி பேசப் பேச நடுவே "ஹாய்", "ஹாய்" (நம்ம ஊர் "ஆமாம்" மாதிரி) போடாவிட்டால் கோபமாக இருக்கிறோம் என்று நினைப்பார்கள். அதற்கு அய்ஸுச்சி என்று பெயர். கொல்லன் பட்டறையில் இருவர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல். ஒருவர் அடி, மற்றவர் அடி. இரும்பு அப்படித்தான் வளைகிறது.

சும்மா_இரு:
அந்த "ஹாய்"யைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு ஏமாந்து திரும்பிய வெளிநாட்டு வியாபாரிகளைப் பற்றியும் சொல்லுங்களேன். கேட்டேன் என்று அர்த்தமா, ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமா? அதனால்தான் சும்மா இரு என்கிறேன்.

செங்கோட்டைக்காரி:
வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடாமல் பாட்டு நகருமா? எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் ஒரு வருடம் ஆமா போடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. புலவர் கதையில் இரண்டு இடத்தில் தடுமாறிவிட்டார்.

வைப்பாறு:
அக்கா, அதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் அழைக்கும் தொலைபேசி உதவி மையம் ஒன்றில் இரண்டு வருடம் தன்னார்வலராக இருந்தேன். சேர்ந்த முதல் மாதம், இரவு பதினொன்றரைக்கு ஒருவர் பேசினார். குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்ததால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டேன். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன்" என்றேன். மறுபடி பேசினார், மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. வைத்துவிட்டார். அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. மறுநாள் மூத்தவர் ஒருவர், "குறுக்கே பேசாதேன்னுதானே சொன்னோம், ம் கொட்டாதேன்னு சொன்னோமா?" என்று கேட்டார். ம் வேண்டாம் என்று மேடையில் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு ஏன் எரிகிறது என்று இப்போது புரிகிறதா?

சும்மா_இரு:
அது வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது போன். நேரில் கண் இருக்கிறது, முகம் இருக்கிறது. என் மாமனாருக்கு முகம் இருந்தது, அதைத் தினசரிக்குப் பின்னால் வைத்திருந்தார்.

வைப்பாறு:
மறுபடியும் மாமனார்!

சும்மா_இரு:
மறுபடியும் மாமனார்தான். நீங்கள் அப்பத்தாவை இறக்கலாம், நான் மாமனாரைச் சொல்லக் கூடாதா? போன பொங்கலுக்குக் கரும்பு விலை பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், நான் ஒரு வரி எழுதினால் நீங்கள் பத்து வரி எழுதினீர்கள்.

வைப்பாறு:
கரும்பு விலையில் நான் சொன்னதுதான் சரி. மூன்று ஏக்கர் போட்டவன் நான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஒரு திருத்தம். "உம்" கொட்டுவது என்று எழுதுகிறீர்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் "ஊம்" கொட்டுவதுதான். நெடில்.

செங்கோட்டைக்காரி:
எங்கள் பக்கம் உம்தான். குறில்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
குறிலில் கொட்டினால் அதட்டுவது போல இருக்கும் அம்மா.

வைப்பாறு:
குறிலோ நெடிலோ, அப்பத்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஐயா, குறள் 419-க்கு நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மூடிய வாயா, பணிந்த மொழியா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலில் நான் சொன்னதை முழுதாகப் படியுங்கள்.

வைப்பாறு:
மூன்று முறை படித்துவிட்டேன். மூடிய வாயா, பணிந்த மொழியா?