நவம்பர் 1 வரி, நவம்பர் 2 வாக்கு

2021 நவம்பர் 2, செவ்வாய் (இந்திய நேரம்)

அண்ணி, மாலை 7:05
மாமா, அத்தை, இங்கே நியூ ஜெர்சியில் ஆளுநர் தேர்தல், இப்போதுதான் வாக்களித்துவிட்டு வெளியே வந்தேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் முதல் வாக்கு. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கிவிட்டது.

அம்மா, 7:08
சந்தோஷம் அம்மா. இங்கே அதிரசத்துக்குப் பாகு காய்கிறது. நீயும் இருந்திருக்கலாம்.

அப்பா, 7:12
வாழ்த்துகள். ஒன்று கேட்கிறேன். இங்கே ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அங்கே ஆளுநருக்குத் தேர்தலா?

அண்ணன், 7:16
பெயர்தான் ஆளுநர் அப்பா, வேலை நம் முதலமைச்சருடையது. பட்ஜெட் போடுவார், மசோதாவைத் திருப்பி அனுப்புவார். அட்டர்னி ஜெனரலையும் நீதிபதிகளையும் மாநில மேலவையான செனட்டின் ஒப்புதலோடு நியமிப்பதும் அவர்தான். ஜனநாயகக் கட்சியின் பில் மர்ஃபி நான்கு ஆண்டு முடித்து மறுபடி நிற்கிறார். எதிரே குடியரசுக் கட்சியின் ஜாக் சிட்டரெல்லி.

நான், 7:18
யாருக்குப் போட்டீர்கள்?

அண்ணி, 7:18
மர்ஃபிக்கு.

அண்ணன், 7:19
சிட்டரெல்லிக்கு.

அம்மா, 7:20
ஒரே வீட்டில் இரண்டா!

அண்ணன், 7:26
அம்மா, நேற்று நவம்பர் 1, காலாண்டு வீட்டு வரி கட்டும் நாள். மறுநாள் தேர்தல். இந்த மாநிலத்தில் வீட்டு வரி சராசரியாக ஆண்டுக்கு 9,000 டாலருக்கு மேல். நாட்டிலேயே இதுதான் அதிகம். வரி ஒன்றுதான் உங்கள் கவலை என்றால் எங்கள் மாநிலம் உங்களுக்குச் சரிப்படாது என்கிற பொருளில் மர்ஃபி 2019இல் பேசினார். வீட்டுக் கடனை அடைத்து முடித்தாலும் வரி நிற்காதே என்று இரவில் கணக்குப் போட்டுப் பார்ப்பவன் நான். அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது.

அண்ணி, 7:34
வீட்டு வரியை விதிப்பது ஊரும், மாவட்டம் மாதிரியான கவுன்டியும், பள்ளி வாரியமும். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, நம் மகள் படிக்கும் பள்ளிக்குத்தான். மர்ஃபி ஏற்றியது பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் வரியை, 10.75 சதவீதமாக. 2016இல் நான் கடையில் கல்லாவில் நின்றபோது மணிக்கு 8.38 டாலர். கால் வீங்கி வீட்டுக்கு வருவேன். இன்று குறைந்தபட்சக் கூலி 12 டாலர், 15 வரை ஏறும். அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவரை நான் எப்படி மறப்பேன்?

அண்ணன், 7:40
உன் கால் வீக்கம் எனக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கு மாநிலம் எவ்வளவு தருகிறது என்பது ஆளுநரின் பட்ஜெட்டில் இருக்கிறது. அது குறைந்தால் ஊர்க்காரன் தலையில் ஏறுகிறது. கேள்வி அவரையும் சேரும்.

சித்தப்பா, 7:44
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செப்டம்பரில் வெள்ளம் வந்ததே, பேஸ்மென்ட் காய்ந்ததா?

அண்ணி, 7:49
காய்ந்தது சித்தப்பா, நாற்றம்தான் போகவில்லை. ஐடா புயலின் மிச்சம் அந்த ஒரு இரவில் மாநிலத்தில் 30 பேரைக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்குப் பொருள்தான் போனது.

நவம்பர் 3, புதன்

சித்தப்பா, காலை 8:10
சிட்டரெல்லி முன்னிலை என்று போட்டிருக்கிறார்கள். மர்ஃபி எளிதாக வெல்வார் என்றார்களே?

அண்ணி, 8:22
மான்மத் பல்கலைக்கழகக் கணிப்பில் போன வாரம் மர்ஃபிக்கு 11 சதவீதப் புள்ளி முன்னிலை. போன ஆண்டு அதிபர் தேர்தலில் பைடன் இங்கே ஏறக்குறைய 16 புள்ளியில் வென்றார். எனக்குத் தெரிந்த நான்கு வீடுகளில், மர்ஃபிதான் வரப்போகிறாரே என்று சொல்லி யாரும் வாக்களிக்கப் போகவில்லை. இந்த ஆண்டு முதல்முறையாக ஒன்பது நாள் முன்கூட்டியே நேரில் வாக்களிக்க வசதி செய்திருந்தார்கள். தபாலிலும் போட்டிருக்கலாம். நான் ஐந்து ஆண்டு காத்திருந்து வாங்கிய உரிமையை இவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். ஆத்திரமாக வருகிறது.

அண்ணன், 8:30
இன்னும் நிறைய எண்ண வேண்டும். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த உறைகள் ஆறு நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். முழுவதும் எண்ணட்டும். என் ஆள் தோற்றாலும் அதுதான் சரி.

அம்மா, 8:33
அங்கே நள்ளிரவு ஆகப்போகிறது. இரண்டு பேரும் படுங்கள்.

அண்ணி, இரவு 8:40
மர்ஃபி சற்று முன்னால் வந்திருக்கிறார். நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ சாலையில் இனிப்பு வாங்க வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், எல்லார் பேச்சும் இதுதான்.

நவம்பர் 4, வியாழன், தீபாவளி

அப்பா, காலை 5:10
எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மர்ஃபி வென்றதாக ஏபி செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது என்று வந்திருக்கிறதே, உண்மையா?

அண்ணி, 5:14
உண்மை மாமா! இங்கே இப்போதுதான் விளக்கேற்றினேன். ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஒருவர் இந்த மாநிலத்தில் இரண்டாம் முறை வென்று 44 ஆண்டாகிறது. கடைசியாக 1977இல் பிரெண்டன் பைர்ன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் வருமான வரியைக் கொண்டுவந்திருந்தார், இனி எழவே மாட்டார் என்றார்கள்.

அண்ணன், 5:20
உனக்கு வாழ்த்துகள், கை கொடுக்க அடுப்படிக்கு வருகிறேன். ஆனால் இவ்வளவு நெருக்கமாக வந்ததை அவர் மறக்கக் கூடாது. வரிச்சுமை தாங்காதவர்கள் அங்கேயும் இங்கேயுமாக நாலு பேர் இல்லை, மாநிலத்தில் ஏறத்தாழப் பாதி.

அண்ணி, 5:22
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா, 5:25
கங்கா ஸ்நானம் ஆச்சா?

நவம்பர் 13, சனி

அண்ணன், காலை 9:15
அப்பா, நேற்று சிட்டரெல்லி தோல்வியை ஒப்புக்கொண்டார். வருத்தம்தான், ஆனால் மதிப்பு கூடியது. 2010 முதல் மாநில செனட் தலைவராக இருந்த ஸ்வீனியும் தோற்றுவிட்டார், லாரி ஓட்டுநரான எட்வர்ட் டர் என்பவரிடம்.

சித்தப்பா, 9:19
லாரி ஓட்டுநரா! நல்ல தேர்தல்.

அப்பா, 9:24
மர்ஃபி மூன்றாம் முறையும் நிற்பாரா?

அண்ணன், 9:27
தொடர்ந்து இரண்டு முறைதான் அப்பா, மாநில அரசியல் சட்டம் விடாது. சிட்டரெல்லி 2025இல் மறுபடி நிற்பேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணி, 9:31
அப்போதும் நான் காலையிலேயே போய்விடுவேன். அந்த நான்கு வீட்டுக் கதவையும் தட்டி, அவர்களையும் கூட்டிக்கொண்டு போவேன். யாருக்குப் போட்டாலும் சரி.