ஏலத்தில் விண்கல்: இந்த மூன்று லாட்டில் எதைக் கேட்கலாம்?

வான்துகள்:
வணக்கம். அடுத்த வாரம் முடியும் ஓர் இணைய ஏலத்தில் மூன்று லாட் (தனித்தனியே ஏலம் விடும் பொருள்) பார்த்து வைத்திருக்கிறேன்.

1. செயிம்சான் என்ற ரஷ்ய விண்கல்லின் ஸ்லைஸ் (வெட்டிய தகடு), 6 × 5 செ.மீ., தடிமன் 3.5 மி.மீ., 82 கிராம். இரு பக்கமும் அமிலம் பூசி வரி எடுத்தது. மதிப்பீடு 400–600 டாலர்.
2. காம்போ டெல் சியேலோ (அர்ஜென்டினாவின் இரும்பு விண்கல்), வெட்டாத முழுக்கல், 1.2 கிலோ. "பாதுகாக்கப்பட்டது" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.
3. "வடமேற்கு ஆப்பிரிக்கா காண்ட்ரைட்" (கல் வகை விண்கல்), பதிவு எண் இல்லை, 310 கிராம்.

தபால் செலவு 40 டாலர். எல்லாம் சேர்த்து 600-ஐத் தாண்டக் கூடாது. படத்தை மட்டும் வைத்து எதையெல்லாம் சரிபார்க்க முடியும்? துரு பற்றியும் சொல்லுங்கள், வீடு கடலோரம்.

இரும்புவரி:
முதல் லாட்டில் எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 × 5 × 0.35 = 10.5 கன செ.மீ. நிக்கல் கலந்த இரும்பின் அடர்த்தி ஏறத்தாழ 7.8. பெருக்கினால் 82 கிராம் வருகிறது. ஸ்லைஸ் நீள்சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் எடை பொருந்துகிறது. ஓரம் வளைந்த வடிவமாக இருந்தால் பரப்பு குறையும், எடையும் குறைந்திருக்க வேண்டும். அப்போது தடிமனை மறுபடி அளந்து சொல்லக் கேளுங்கள்.

இந்த எடைக்கு அது ஆலிவின் (பச்சை நிறக் கனிமம்) இல்லாத, இரும்பு மட்டுமான பகுதியாகத்தான் இருக்கும். செயிம்சானில் இரண்டும் உண்டு. ரஷ்யாவின் மகடான் பகுதியில் 1967-இல் கிடைத்தபோது இரும்பு விண்கல் என்றே வகைப்படுத்தினார்கள். ஆலிவின் படிகம் நிறைந்த பல்லசைட் துண்டுகள் 2004-இல்தான் வெளிவந்தன. அதே அளவு பல்லசைட் ஸ்லைஸ் சுமார் 50 கிராம்தான் இருக்கும். தலைப்பில் "பல்லசைட்" என்று போட்டிருந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

படம் போதாது, ஸ்லைஸை விளக்கொளியில் மெல்லச் சாய்த்து எடுத்த 20 விநாடி வீடியோ கேளுங்கள். உண்மையான விட்மன்ஸ்டாட்டன் வரிகளில் (அமிலம் பட்டதும் இரும்பு விண்கல்லில் தெரியும் படிகப் பட்டைகள்) ஒரு திசைப் பட்டைகள் மின்னும்போது மற்றவை இருளும், கோணம் மாறினால் அது இடம் மாறும். லேசரால் கீறிய போலியில் வரி எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி நிற்கும். வெட்டு ஓரத்தின் படமும் தேவை. துரு முதலில் தெரிவது அங்கேதான்.

பழையலேபிள்:
கல்லைவிட முதலில் காகிதத்தைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

விண்கற்களின் பெயரையும் எண்ணையும் பதியும் மீட்டியோரிட்டிக்கல் புல்லட்டின் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. செயிம்சான், காம்போ இரண்டுமே அதில் இருக்கின்றன. மூன்றாவது லாட்டுக்கு எண் இல்லை என்றால் அதை யாரும் ஆய்ந்து வகைப்படுத்தவில்லை என்று பொருள். வகைப்படுத்த வேண்டுமானால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உங்கள் 310 கிராமில் 20 கிராம் போகும். சாதாரண காண்ட்ரைட் என்ற விலைக்கு எண் இல்லாமல் வாங்கலாம். "செவ்வாய்", "நிலவு" என்று சொல்லி எண் தராதவரிடம் வாங்கவே கூடாது.

எண் இல்லாத கல்லில் வலுவான நியோடிமியம் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். செவ்வாயிலிருந்து வந்த "வடமேற்கு ஆப்பிரிக்கா 7034" கல்லின் பல துண்டுகளில், கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய காந்தப் பதிவு இப்படித்தான் அழிந்தது. அது திரும்ப வராது. பூமியின் இரும்புத் தாதுவான மேக்னடைட் பாறையும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதும் இல்லை. தரை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள்: கரும்சாம்பல் கோடு வந்தால் மேக்னடைட், செங்காவிக் கோடு என்றால் இன்னொரு இரும்புத் தாதுவான ஹேமடைட். உள்ளே காற்றுக் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் உலைக்கசடு.

காம்போ விஷயத்தில் சட்டம் குறுக்கே நிற்கிறது. அர்ஜென்டினா 2007-இல் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறிய கல் என்பதற்குப் பழைய ரசீதோ லேபிளோ கேளுங்கள். கல்மீது பெயின்டில் எழுதிய எண் இருந்தால் எக்காரணத்தாலும் துடைக்காதீர்கள். பழைய சேகரிப்புப் பட்டியலோடு பொருத்த அதுதான் பிடி.

காரநீர்:
கடலோரம் என்றால் காம்போ வேண்டாம். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு (துருவைத் தூண்டும் உப்பு) விரிசல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். காற்றில் ஈரம் கூடியதும் பழுப்பு நீர்முத்துக்கள் கசியும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். மேலே எண்ணெய் தடவினால் உள்ளிருக்கும் குளோரைடு அப்படியே மாட்டிக்கொள்ளும். "பாதுகாக்கப்பட்டது" என்றால் எப்படி என்று கேளுங்கள்; வார்னிஷ் மட்டும் அடித்திருந்தால் அது பாதுகாப்பு ஆகாது.

ஏற்கெனவே கசியும் இரும்புக் கல்லுக்கு: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு (காரத்தைத்தான் நீரில் போட வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்). கல்லை மூழ்கவைத்து வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிய பிறகு சில்வர் நைட்ரேட் சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் வருகிறது. அமிலமாக்காமல் விட்டால் காரமே பழுப்பு வீழ்படிவு தந்து குழப்பும். குழாய் நீரிலேயே குளோரைடு உண்டு, அதைத் தொடவே வேண்டாம். கலங்கல் நின்றதும் வடிநீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து ஈரம் எடுத்து, முழுதும் ஆவியான பின் 100 டிகிரியில் உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசலாம். பல்லசைட்டுக்கு இந்தச் சூடு வேண்டாம், படிகம் விரிசல் விடலாம்.

செயிம்சானுக்கு மூடி இறுகிய டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி. ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் போதும்.

வான்துகள்:
மிக்க நன்றி. அப்படியானால் செயிம்சான் மட்டும். எவ்வளவு வரை கேட்கலாம்?

இரும்புவரி:
விற்பனை நிபந்தனைகளில் வாங்குபவர் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். 26 சதவீதமும், இணையத் தளத்துக்கு 5 சதவீதமும் என்றால் படிந்த விலை (ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகை) 1.31 மடங்காகும். (600 − 40) ÷ 1.31 = 427. சுங்க வரி உண்டென்றால் அதையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். இந்தக் கட்டணத்தின் கனம் பெரிய ஏலத்தில் தெளிவாகத் தெரியும்: 2025 ஜூலையில் சோதபீஸ் விற்ற 24.67 கிலோ செவ்வாய்க் கல் 43 லட்சம் டாலருக்குப் படிந்தது, கட்டணம் சேர்ந்ததும் ஏறத்தாழ 53 லட்சம் ஆனது.

உங்கள் உச்சம் 420. முன்கூட்டியே அதிகபட்சக் கேட்பாகப் பதிந்துவிடுங்கள். வீடியோவும் ஓரத்தின் படமும் ஏலத்துக்கு முந்தைய நாளுக்குள் வரவில்லை என்றால் பதிய வேண்டாம்; செயிம்சான் ஸ்லைஸ் அடிக்கடி ஏலத்துக்கு வருவதுதான்.