திருமங்கலம் கரிசலுக்கு எச்.எப். கலப்பினப் பசு ஒத்துவருமா?

திருமங்கலத்து உழவர்:

எங்கள் தொழுவத்தில் நான்கு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. இரு வேளையும் சேர்த்து ஒவ்வொன்றும் பத்து லிட்டர் கறக்கிறது. இரண்டை விற்றுவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து 16 லிட்டருக்குக் குறையாத எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினப் பசுக்கள் இரண்டைப் பிடித்து வரலாம் என்று எண்ணியிருக்கிறேன். எச்.எப். பால் தண்ணீர்ப் பால் என்று பால் சங்கத்தில் பலரும் தடுக்கிறார்கள். நான் போட்ட கணக்கு வேறாக இருக்கிறது. 4.5 சதவீதக் கொழுப்புள்ள 10 லிட்டரில் ஏறத்தாழ 450 கிராம் கொழுப்பு இருக்கிறது, 3.6 சதவீதமுள்ள 16 லிட்டரில் ஏறத்தாழ 575 கிராம் இருக்கிறது. லிட்டருக்கு விலை குறைந்தாலும் கைக்கு வரும் பணம் கூடத்தானே வேண்டும்? கிணற்றுப் பாசனம் ஒரு ஏக்கர் உண்டு; அதில் பாதியில் கோ-4 தீவனப் புல் நிற்கிறது. மற்றதெல்லாம் மானாவாரிக் கரிசல். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சோழவந்தான் பால் உற்பத்தியாளர்:

ஐயா, தங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது கன்று ஈன்ற இரண்டாம் மாதத்துக் கணக்கு. பசுவைக் கட்டித் தீனி போடுகிறவர் பார்க்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. ஈன்ற 85 நாளில் சினை தங்கினால், சினைக்காலம் 280 நாளையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கன்று கிடைக்கும். ஒரு சினை ஊசி தவறினால் 21 நாள் தள்ளிப்போகிறது. நான்கு தவறினால் மூன்று மாதம் பால் வற்றிய மாட்டுக்குத் தீனி போட வேண்டியிருக்கும்.

நானும் ஒரு தை மாதத்தில் எச்.எப். பசு வாங்கியவன்தான். மாசி முடியும்வரை 17 லிட்டர் கறந்தது. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது, பிற்பகல் இரண்டு மணிக்கு அது நின்ற நிலை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே தள்ளி, எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட, விலா புடைத்துப் புடைத்து அடங்க, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஈரத் தரையைவிட்டு நகராமல் நின்றது. தீவனத்தை மோந்து பார்த்ததே தவிர வாய் வைக்கவில்லை. பால் 11 லிட்டருக்கு இறங்கியது. அதைவிடப் பெரிய இழப்பு, ஐந்து ஊசி போட்டும் சினை தங்காதது. அதே கொட்டகையில் நின்ற ஜெர்சி கலப்பினமும் இளைத்தது. ஆனால் அசைபோடுவதை நிறுத்தவில்லை, இரண்டாம் ஊசியில் சினை பிடித்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. பால் கூடக் கூடத் தீனி கூட வேண்டும். தின்றது செரிக்கும்போது உடலுக்குள் சூடு உண்டாகிறது. பெரிய உடம்பு அந்தச் சூட்டை வெளியே தள்ளத் திணறும்போது, வெளியேயும் மதுரை வெயில் காய்கிறது. சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எப். என்று தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

மேலூர் பண்ணையாளர்:

சோழவந்தான் அண்ணன் சொன்ன துயரம் உண்மை. ஆனால் பழியை இனத்தின் மீது போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு ஆண்டாக மூன்று எச்.எப். கலப்பினங்களை இதே மேலூர் வெயிலில் வைத்திருக்கிறேன். என் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. தாழ்வாரமே எட்டடிக்கு மேல் உயரம். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். கோடையில் பதினொரு மணி முதல் நான்கு மணிவரை இடைவிட்டு இடைவிட்டு உடம்பில் தண்ணீர் தெளித்துவிட்டு, அது காயும்படி மின்விசிறியை ஓட விடுகிறேன். காற்று ஓடாத கொட்டகையில் தண்ணீரை மட்டும் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அடர்தீவனத்தில் பெரும்பங்கை அதிகாலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்குமாகப் பிரித்து வைக்கிறேன். வெயில் ஏறியபின் தின்னச் சொன்னால் எந்த மாடும் தின்னாது.

சினை தங்காததற்கும் பாதிக் காரணம், சினைப் பருவத்தை நாம் பார்க்கத் தவறுவதுதான். கோடையில் மாடு கத்தாது, வேறு மாட்டின் மேல் தாவாது. இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு வாலில் ஒட்டியிருக்கும். விடிவதற்குள் அது காய்ந்து சாணத்தோடு கலந்துவிடும். மாலையிலோ இரவிலோ கண்டால் மறுநாள் காலையில் ஊசி, காலையில் கண்டால் அன்று மாலையில் ஊசி என்பதை நான் மாற்றுவதில்லை. இன்னொன்று, எச்.எப். என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைக்கக் கூடாது. எச்.எப். இரத்தம் பாதி உள்ள மாடு வேறு. முக்காலுக்கு மேல் போன மாடு வேறு. அண்ணன் வாங்கியது எந்த வகை?

உசிலம்பட்டிப் பெண் ஒருவர்:

நீங்கள் இருவரும் எழுதியதை வாசித்தேன். இரவு பத்து மணிக்கு டார்ச் அடிப்பது யார், அதிகாலை ஐந்து மணிக்குத் தீவனம் வைப்பது யார் என்பதை இருவருமே எழுதவில்லை. எங்கள் வீட்டில் அது நான். 16 லிட்டர் மாட்டைக் கையால் கறந்து, சாணம் அள்ளி, புல் அறுத்துச் சுமந்து, நடுப்பகலில் தண்ணீரும் தெளிக்க வேண்டுமென்றால், இரண்டு மாடு போதும், ஒரு பெண்ணின் நாள் முடிந்துவிடும். திருமங்கலம் அண்ணன் வீட்டுப் பெண்களிடம் முதலில் கேட்டீர்களா?

தீவனத்தையும் பாருங்கள். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்கிட்டால், 10 லிட்டர் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் போதும். 16 லிட்டருக்கு எட்டுக் கிலோ வேண்டும். புல்லும் தட்டையும் அதற்கேற்பக் கூடும். எங்கள் பக்கம் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் பச்சையைப் பார்க்க முடியும். கரிசல்காரர்கள் சோளத்தட்டையை நம்புகிறார்கள். மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தைப் பசிக்கு அறுத்துப் போட்டால் அதில் ஏறிய நஞ்சு சிறிது நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும் என்பது நம் ஊரில் தெரியாத வீடில்லை. பெரிய வயிறு உள்ள மாட்டை வாங்கிவிட்டால், அந்தத் தவறைச் செய்ய வைக்கும் நாட்கள் கூடிவிடும்.

இடையில் வந்து நாட்டு மாடே நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். என் மாமனார் புலிகுளம் மாடுகளை வயலில் கிடை போட்டவர். அவை உரத்துக்கும் உழைப்புக்கும் உள்ள மாடுகள்; கன்றுக்குப் போக நமக்குக் கிடைப்பது கொஞ்சம்.

திருமங்கலத்து உழவர்:

வீட்டில் கேட்கவில்லை, தங்கையே. அது என் தவறு. நேற்று இரவு கேட்டேன். இரண்டு வேண்டாம், பார்க்கலாம் என்றால் ஒன்று என்று பதில் வந்தது. தீவனச் செலவுக்கு ஒரு வழி வைத்திருந்தேன்: ஊரில் ஓட்டல் வைத்திருக்கும் உறவினர் மிஞ்சிய சோற்றைத் தினமும் தருவதாகச் சொல்கிறார். அது உதவுமா?

சோழவந்தான் பால் உற்பத்தியாளர்:

ஐயா, அதைத் தொடவே வேண்டாம். சோறு வயிற்றில் வேகமாகப் புளித்து, மாடு அசைபோடாமல் படுத்துவிடும். கூடுதலாகத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரைப்பை கெட்டால் பாலில் கொழுப்பும் இறங்கும். 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீதம் கொழுப்பு அல்லாத இதரச் சத்தும் உள்ள பாலுக்குத்தான் 2022 நவம்பரில் ஆவின் 35 ரூபாய் கொள்முதல் விலை வைத்தது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. எச்.எப். பால் முதலிலேயே அந்த அளவுக்குக் கீழே நிற்கிறது. தட்டையும் வைக்கோலும் குறைந்து சோறு கூடினால் இன்னும் கீழே போகும்.

மேலூர்த் தம்பி கேட்டதற்குப் பதில்: நான் வாங்கியது முக்காலுக்கு மேற்பட்ட இரத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அளவில் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கீற்றும் விசிறியும் ஆறு ஆண்டுப் பழக்கமும் உள்ளவருக்குச் சரியாக வருவதை, முதன்முதலாக இறங்குகிறவருக்கும் வரும் என்று சொல்வதை இன்னும் ஏற்கவில்லை.

மேலூர் பண்ணையாளர்:

பழக்கம் ஒரு மாட்டை வைத்துத்தான் வரும், அண்ணே. திருமங்கலம் அண்ணன் ஒன்றே ஒன்று வாங்கட்டும். ஜெர்சி எதையும் இப்போது விற்க வேண்டாம். கார்த்திகையில் வாங்கினால் சித்திரைக்கு முன் ஐந்து மாதம் ஊர்த் தண்ணீருக்கும் தீனிக்கும் பழகிவிடும். இரண்டாம் ஈத்து மாடாக, பாதி இரத்தம் உள்ளதாகப் பாருங்கள். விற்பவர் வீட்டிலேயே தங்கி, தொடர்ந்து மூன்று வேளை நீங்களே கறந்து பாருங்கள். முதல் வேளைக் கறவையை நம்பக் கூடாது, முந்தைய வேளை கறக்காமல் விட்டிருப்பார்கள். நான்கு காம்பிலும் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சி, மடிநோயின் அடையாளமாகத் திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கலப்பின மாட்டைத்தான் முதலில் பிடிக்கும். கொட்டகைக்குக் கீற்று வேய்வதை மட்டும் மாடு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.