ஹெல்வெட்டிகாவோடு சேர்ந்து நிற்கும் தமிழ் எழுத்துரு தேவை

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கண் பரிசோதனை நிலையத்துக்கு மும்மொழிப் பெயர்ப்பலகை வடிவமைக்கிறேன். 8 அடி அகலம், 3 அடி உயரம். ஆங்கிலம் ஹெல்வெட்டிகா போல்ட், அதை மாற்ற முடியாது. 1957இல் சுவிட்சர்லாந்தில் வெளியான அந்த எழுத்தில் கோடுகள் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு, முனைகள் கிடையாகவோ நெடுக்காகவோ நேராக வெட்டியிருக்கும். சிங்களத்துக்கு நோட்டோ சான்ஸ் போட்டேன், பொருந்திவிட்டது. தமிழ்தான் இரண்டு கிழமையாகச் சரிவரவில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டை ஒரே அளவில் வைத்தால் தமிழ் வரி அகன்று பலகைக்கு வெளியே போகிறது. 85 வீதத்துக்குக் குறைத்தால் கோடு மெலிந்து ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வெளிறித் தெரிகிறது. சரி என்று போல்டை விடக் கனமான பிளாக் தடிப்புக்குப் போனேன். ‘கண்’ணில் ண் சுழிகள் அடைபடுகின்றன, ‘பரிசோதனை’யில் னை ஒரே கறுப்புக் கட்டி. போல்டுக்கே அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்கியும் அதே நிலை. A3 தாளில் அச்சிட்டு வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தபோது சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்க முடிந்தது, தமிழ் முடியவில்லை. பார்வை மங்கியவர்கள் தேடி வரும் இடம் இது, அதை அப்படியே விட மனமில்லை.

வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் தெற்காசிய கம்போசர் அமைப்பைப் போட்டிருக்கிறேன், கொம்பு இடம் மாறும் பிரச்சினை இல்லை. அக்ரிலிக் வெட்டுபவருக்குத் திங்கட்கிழமை ஃபைல் கொடுக்க வேண்டும்.

ஹெல்வெட்டிகா போல்டுக்குப் பக்கத்தில், சுழி அடைபடாமல் அதே தடிப்பில் நிற்கும் யூனிகோட் தமிழ் எழுத்துரு எது?