புதுப்பிப்பு: அப்பாவின் கால் புண்ணும் கொலாஜனும்

சர்க்கரை நோயால் அப்பாவின் உள்ளங்காலில் வந்த புண்ணின் மேல் வைக்க, கொலாஜன் என்ற புரதத்தில் செய்த தாள்களில் மாட்டுக் கொலாஜன் நல்லதா, மீன் கொலாஜனா, வெள்ளி கலந்ததா என்று ஆறு வாரம் முன்னால் இங்கே கேட்டிருந்தேன். கேள்வியே தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, கால் நோய்க்கென்றே பார்க்கும் டாக்டரிடம் போனோம். நாள்பட்ட புண்ணில் புரதத்தை அரிக்கும் நொதிகள் எக்கச்சக்கமாக இருக்குமாம், கொலாஜன் தாள் அவற்றுக்கு இரையாகி நம் திசுவைக் காப்பாற்றும் என்பதுதான் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 276 பேரில், கொலாஜனும் செல்லுலோஸும் கலந்த ஒட்டு போட்டவர்களில் 37 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் முழுசாக ஆறியது. ஈரத்துணிக் கட்டில் 28. அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்ற அளவுதான். 2023-ன் சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதலும் புண் ஆற கொலாஜன் வேண்டாம் என்றே சொல்கிறது.

சரி, எது ஆற்றியது? ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், செத்த சதையைச் செதுக்கினார்கள், அப்புறம் புண்ணில் பாரம் விழாமல் இருக்க முழங்கால் வரை கழற்ற முடியாத ஒரு கட்டு. கழற்ற முடிந்திருந்தால் அப்பா விடியற்காலையே ரப்பர் வெட்டக் கிளம்பியிருப்பார், அவரைத் தெரியாதா! புண் இப்போது பாதியாகிவிட்டது. மீதி இரண்டு கொலாஜன் தாளை மருந்துக்கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்.