கூம்புத் தொட்டியில் நெல் இறங்கும் வேகமும் புவியீர்ப்பும்

அம்பை நெல்லாலை:
அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் அரவை ஆலையின் கூம்புத் தொட்டியில் 75 கிலோ மூடைகள் 20 கொட்டி, 10 செ.மீ. அகலமுள்ள வட்ட வாயைத் திறந்தால் ஏறத்தாழ 9 நிமிடத்தில் தொட்டி காலியாகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்; முதல் 10 மூடைக்கும் கடைசி 10 மூடைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியோ நிறைந்திருக்கும்போது வேகமாகவும், வற்ற வற்ற மெதுவாகவும் விடுகிறது. இரண்டையும் இழுப்பது ஒரே புவியீர்ப்பு என்றால், மேலே கிடக்கும் நெல்லின் பாரம் எங்கே போகிறது?

பாளை ஆசிரியர்:
அண்ணாச்சி, அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைத் தொட்டியின் சுவர் தாங்குகிறது. நெல்மணிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிச் சுவரில் அழுந்துவதால் அங்கே உராய்வு எழுந்து பாரத்தை ஏந்திக்கொள்கிறது. ஆகவே ஓர் ஆழத்திற்குக் கீழே எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் அநேகமாகக் கூடுவதில்லை. தானியக் குதிர்களில் இதை அளந்து 1895-இல் வெளியிட்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஜான்சென்.

அப்படியானால் நெல்லை இறக்குவது எது? வாய்க்கு மேலே, ஏறத்தாழ வாயின் அகலமளவு உயரத்தில், மணிகள் பிடி விட்டுத் தாமாகவே விழத் தொடங்குவதாகக் கொள்ளுங்கள். அவ்வளவு உயரம் விழுந்த மணியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் வாயின் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதை வாயின் பரப்பால் பெருக்கினால், ஓட்டம் அகலத்தின் இரண்டரை அடுக்காக (அடுக்குக்குறி 2.5) வளரும். தொட்டியின் உயரம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 1961-இல் ஆய்வாளர் பெவர்லூவின் குழுவினர் சோதனைகளின் வழியே தந்த விதியும் இதுவே. வாயின் ஓரத்தில் மணிகள் முழுமையாகப் பாய முடியாததால், மணியின் பருமனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கை மட்டும் அகலத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வாயை 15 செ.மீ. ஆக்கினால் 3 நிமிடம் போதும். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக உள்ள நிலவில் இதே தொட்டி, பழைய 10 செ.மீ. வாயோடு, காலியாக 22 நிமிடம் ஆகும்.

தேரிக்காட்டான்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் குதிரைமொழித் தேரியில் செம்மண் மேட்டின் அடியில் இரண்டு கை மணலை அள்ளினால், மேலிருந்து மணல் சரசரவென்று சரிந்து வந்து பழைய சாய்வுக்கே திரும்புகிறது. காய்ந்த மணலுக்கு அந்தச் சாய்வு 30 முதல் 35 பாகை வரை. மணலைச் சரிக்கும் விசையும் அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வும் எடைக்கு ஏற்பவே வளர்வதால், எளிய கணக்கில் ஈர்ப்பு குறைந்தாலும் சாய்வு மாறாது.

அம்பை நெல்லாலை:
மிக்க நன்றி. அப்படியானால் தவிடு மட்டும் ஏன் வாயிலேயே அடைத்துக்கொள்கிறது? ஆள் நின்று தொட்டியைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பாளை ஆசிரியர்:
துகளின் பருமன் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டும் விசை அவ்வளவு குறைவதில்லை. எனவே தவிட்டில் ஒட்டு ஈர்ப்பை வென்று, வாய்க்கு மேலே வளைவுபோல் கட்டி நிற்கிறது. ஈர நெல்லும் அவ்வாறே சிக்கிக்கொள்ளும். நன்றாகக் காயவைத்துக் கொட்டுங்கள், தவிட்டுக்கு வாயை அகலமாக வையுங்கள்.