ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்: ஒரு சொல்லா, இரு சொல்லா?

பயிற்றுநர், அம்பத்தூர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய மோட்டார் சைக்கிளில் சார்ஜ் ஏறாத கோளாறு பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டருக்கு நிலையி, அதனருகே சுற்றும் காந்தமான ரோட்டாருக்குச் சுழலி என்று வைத்தாயிற்று. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையரும், வோல்ட்டை அடக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்த பெட்டிக்குத்தான் தமிழ்ப் பெயரில்லை.

தமிழாசிரியர், மயிலாப்பூர்:
சீராக்குவது, திருத்துவது இரண்டையும் சேர்த்து ‘சீர்திருத்தி’ என்போம். திருந்து தன்வினை, திருத்து பிறவினை. இகர விகுதி சேரக் கருவிப்பெயர், மண்வெட்டி போல. இதே இகரம் குறளின் சேர்ந்தாரைக்கொல்லியில் வினைமுதலைக் குறிக்கும், ஊரார் நீருண்ணும் குளமான ஊருணியில் செயப்படுபொருளை. அதை ‘ஊரணி’ என்றெழுதி ஊருக்கு அணி என்று விளக்குவது பொருந்தாது. உண் என்பதே பகுதி.

மெக்கானிக், புதுப்பேட்டை:
ஐயா, ஊருணி இருக்கட்டும். ஒரே சொல் வைத்தால் பெட்டியில் எந்தப் பாதி போச்சு என்று பையனுக்கு எப்படிப் புரியும்? 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் நிற்கும்போது 12.6 காட்டணும், 3000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பாதி போச்சு: பல்ப் பியூஸாகும், பேட்டரித் தண்ணீர் வற்றும். ஏறவே இல்லையா? முதலில் டெர்மினலையும் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யணும். அப்புறம் ஸ்டேட்டர் ஒயரைக் கழற்றி ஏசி (மாறுதிசை) வோல்ட் பார்க்கணும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் காயில் நல்லது, ரெக்டிஃபையருக்குள் மின்சாரத்தை ஒருபக்கம் மட்டும் விடுகிற டையோடைப் பாருங்கள்: மீட்டர் ஒருபக்கம் 0.5, 0.6 வோல்ட் காட்டும், முனையை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. இருபக்கமும் காட்டினால் ஷார்ட். வண்டி சும்மா நின்றாலே பேட்டரி இறங்கும். ஏசியே ஏறவில்லை என்றால் காயிலுக்கும் எர்த்துக்கும் கன்டினியூட்டி, அதாவது மின்தொடர்பு, இருக்கிறதா என்று பார்க்கணும். இருந்தால் காயில் கட்டணும். காயில் சரியாக இருந்தும் ஏசி குறைவு என்றால் மேக்னெட் பலம் போயிருக்கும். இது தெரியாமல் நேராகக் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இயற்பியல் ஆசிரியர், தாம்பரம்:
பள்ளிப் பாடத்தில் ‘அலைதிருத்தி’ ஏற்கெனவே இருக்கிறது. நான்கு டையோடில் ஒன்று அறுந்தால் முழு அலை அரை அலையாகும். வோல்ட் 13-க்குப் பக்கத்திலேயே தடுமாறி, ஹெட்லைட் போட்டதும் இறங்கும். அந்தக் கோளாறு சொல்லிலேயே தெரிகிறது. ‘சீர்திருத்தி’ என்றால் மாணவர் சமூகச் சீர்திருத்தத்தைத்தான் நினைப்பார்.

மெக்கானிக்:
பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளையும் நினையுங்கள். அதில் டைனமோ: கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர். வருவதே டிசி (நேர்திசை), ரெக்டிஃபையர் கிடையாது, பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட்டும் ரெகுலேட்டரும்தான். அங்கே ‘சீர்திருத்தி’க்கு என்ன வேலை?

தமிழாசிரியர்:
அங்கே சீராக்கி என்று மட்டும் எழுதலாமே. இரண்டும் ஒன்றாக வரும் இடத்தில் புணர்த்த அஞ்சுவானேன்? ‘காயில்’, ‘மேக்னெட்’ என்றே விட்டால் தமிழ் எங்கே வளரும்? சுருள், காந்தம் என்பவை யாருக்குப் புரியாது?

மெக்கானிக்:
சுருளும் காந்தமும் புரியும், எழுதுங்கள். ஆனால் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் ‘ரெக்டிஃபையர்’ என்று கேட்டால்தான் சாமான் வரும். அந்தச் சொல்லும் பக்கத்தில் இருக்கணும்.

பயிற்றுநர்:
நேரமில்லை. அலைதிருத்தி, சீராக்கி என இரண்டாகவே வைக்கிறேன். கடைச்சொல் படத்தின் கீழே வரும்.

தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.